துறைமுகமும் சர்வகலாசாலையும்

(திருகோணமலைத் துறைமுகச் சரித்திரம்: பதினேழாம் அத்தியாயம்)

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை தன் கொடியை இறக்கி, டொக்யார்ட் வாசலை இலங்கை அரசாங்கத்தின் பொறுப்பில் விட்டுச் சென்றதைக் கடந்த அத்தியாயத்தில் கண்டோம். கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கல்லைக் கொண்டே 1624இல் கோட்டை எழுப்பிய போர்த்துக்கேயர், 1639இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தர், 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே முன்பாதியில் ஆங்கிலேயராகவும் பின்பாதியில் சுவ்றனின் தலைமையில் பிரெஞ்சுக்காரராகவும் மாறி மாறி இத்துறையைக் கவர்ந்தோர், 1795இல் மீண்டும் வந்து நிலைத்த ஆங்கிலேயர் என, இதுவரை நாம் எழுதிவந்த சரித்திரம் முழுவதும் கப்பல்களின் சரித்திரமாகவும் பீரங்கிகளின் சரித்திரமாகவுமே அமைந்துவிட்டது. அக்கப்பல்களுக்கு விறகும் நீரும் சுமந்தோரும், அக்கோட்டைகளுக்குக் கணக்கெழுதினோரும், அவர்தம் பிள்ளைகளும் இச்சரித்திரத்தில் எங்கே என்று வாசகர் சிலர் கடிதம் மூலம் கேட்டிருந்தனர். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக இந்த அத்தியாயத்தில் துறைமுகத்தைச் சிறிது மறந்து, அதன் கரையில் பிறந்த பிள்ளைகள் கல்வியைத் தேடிப் போன வழியையும், அக்கல்வி நெடுங்காலம் தாழ்த்து அவர்களைத் தேடி வந்த வழியையும் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் போனவர்களைச் சொல்லவேண்டும். 1857இல் சென்னைச் சர்வகலாசாலை தொடங்கிய காலந்தொட்டு, இலங்கைத் தமிழ் இளைஞருள் வசதியும் துணிவும் உள்ளோர் கடல் கடந்து சென்று அங்கே பட்டம் பெறுவது வழக்கமாயிற்று. அச்சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. திருகோணமலை தந்த இரு சகோதரரைப் பற்றியோ இவ்வூரிலேயே பலர் அறியார். மூத்தவர் தி. த. கனகசுந்தரம்பிள்ளை, சென்னையில் வாழ்ந்து பழந்தமிழ் நூல்களின் ஆராய்ச்சியிலும் பதிப்பிலும் தம் ஆயுளைச் செலவிட்டவர். இளையவர் த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னை மாகாணக் கல்லூரியிலே நூலகராகக் கடமையாற்றியவாறு, பெண்கல்வியையும் பெண்ணின் விருப்பத்தோடு கூடிய விவாகத்தையும் வற்புறுத்தும் ‘தத்தை விடு தூது’ என்னும் செய்யுளை 1892இலும், ‘மோகனாங்கி’ என்னும் நவீனத்தை 1895இலும் வெளியிட்டவர். தமிழில் எழுந்த முதற் சரித்திர நாவல் இம்மோகனாங்கியே. இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கோணேசர் ஆலயம் நின்ற சுவாமிமலையின் அடிவாரத்தில், இடிபட்ட அக்கோயிலின் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர், தமிழின் முதற் சரித்திர நாவலை எழுதப் புகுந்தபோது அதற்குக் களமாக எடுத்துக்கொண்டது திருச்சிராப்பள்ளி நாயக்கர் அரசையே. அவர் கையெட்டும் தூரத்தில் இருந்த ஏடுகளும் நூல்களும் அந்நாட்டின் சரித்திரத்தையே பேசின. திருகோணமலையின் சரித்திரத்தை எழுதுவதற்கு வேண்டிய சாதனங்கள் திருகோணமலையில் எவராலும் சேர்த்துவைக்கப்படவில்லை. ஓர் ஊருக்கு ஒரு நூல்நிலையமும் அதனைச் சூழ ஒரு கலாசாலையும் இல்லாமற் போனால், அவ்வூரில் பிறந்த மேதையும் பிறிதோர் ஊரின் கதையையே எழுதுவான் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. 1867இல் கத்தோலிக்க குருமார் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரியும், மெதடிஸ்த மிஷனாரின் பாடசாலைகளும், 1897இல் சைவப் பெருமக்கள் நிறுவிய இந்துக் கல்லூரியும், பெண்பிள்ளைகளுக்கென்று தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923இல் ஆரம்பித்த சண்முக வித்தியாலயமும் பல தலைமுறைகளை உருவாக்கின. இவற்றுள் இந்துக் கல்லூரி 1920களில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்தபோது, அதனை நடத்தும் பாரம் சுவாமி விபுலாநந்தரின் தோள்மேல் விழுந்தது. காரைதீவிலே 1892இல் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றுத் துறவு பூண்ட அப்பெரியார், இவ்வூரில் தலைமையாசிரியராக இருந்து, பௌதிகத்தையும் இலக்கியத்தையும் ஒரே நாவினால் போதித்தவர். அத்தகையவருக்குப் பேராசிரியர் ஆசனம் கிடைத்தது எங்கே? 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் நிறுவிய சர்வகலாசாலையில், 1931ஆம் ஆண்டில். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே, 1943இல், இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அவரை அழைத்துக்கொண்டது, அதுவும் கொழும்பிலேதான். சரவணமுத்துப்பிள்ளை ஏறிய கப்பலிலேதான் நாற்பது ஆண்டுகள் கழித்து விபுலாநந்தரும் ஏறவேண்டியிருந்தது.

இத்தனை புகழ் வாய்ந்த துறைமுகத்தின் கரையில் ஏன் ஒரு சர்வகலாசாலை எழவில்லை? இக்கேள்விக்கு விடை காண லிவர்பூல் நகரத்தை நினைத்துப் பார்ப்பது நன்று. அதுவும் துறைமுக நகரமே. ஆனால் அங்கே கப்பல்களும் பண்டசாலைகளும் அந்நகரத்து வணிகருக்கே சொந்தமாயிருந்தன. துறைமுகத்தில் ஈட்டிய பணத்தின் ஒரு பங்கு நகரத்திலேயே தங்கியது. 1881இல் அந்நகரத்தார் ஒரு கல்லூரியைத் தொடங்கி, 1903இல் அதனைத் தனிச் சர்வகலாசாலையாக்கினர். இடையே 1898இல், ஆபிரிக்கக் கரைகளிலிருந்து மாலுமிகள் கொண்டுவந்த காய்ச்சல்களை ஆராய்வதற்கென்று, அல்பிரட் ஜோன்ஸ் என்னும் கப்பல் அதிபரின் பணத்தில் அயனமண்டல மருத்துவப் பள்ளியொன்றும் எழுந்தது. துறைமுகத்தின் நோயைத் துறைமுகத்தின் பணத்தால் துறைமுகத்தின் கலாசாலையே ஆராய்ந்தது. திருகோணமலையிலோ குடாவும் கரையும் குன்றும் கடற்படைக்கே உரியனவாக இருந்தன. ஊரவருக்கு எட்டியது கூலியும் சில்லறை வியாபாரமும் எழுதுவினைஞர் உத்தியோகமும் மாத்திரமே. கொடைவள்ளல்கள் இங்கு பிறக்கவில்லை என்று சொல்வது அபாண்டம். இந்துக் கல்லூரியையும் சண்முக வித்தியாலயத்தையும் எழுப்பியது ஊரவரின் கைப்பணமே. ஒரு சர்வகலாசாலையைத் தாங்கும் செல்வம் இவர்கள் கைக்கு வரவே விடப்படவில்லை.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் சங்கம் கூட்டி வாதாடினர். அவ்வாதத்தின் பயனாக 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியொன்று கிடைத்தது. அது வளர்ந்து 1942ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. அவ்வாண்டின் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீதும் சீனக்குடா மீதும் குண்டு பொழிந்தன. அதற்குச் சரியாக எண்பத்துமூன்றாம் நாள் கொழும்பில் பல்கலைக்கழகம் பிறந்தது. ஒரே தேசத்தில், ஒரே பருவத்தில், ஒரு நகரத்துக்குக் கலாசாலையும் மற்றொரு நகரத்துக்குக் குண்டும் வாய்த்தன என்று எழுதுகையில் எனக்குக் கொழும்பின்மேல் பொறாமை இல்லை. ஆயினும், துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் அப்பெருமைக்கு இவ்வூர் கொடுத்த விலையையும் கூடவே பேசவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பல்கலைக்கழகம் பின்னர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் உபவேந்தராயிருந்த காலத்தில், 1952இல், மகாவலி கங்கைக் கரையிலுள்ள பேராதனைக்குப் பெயர்ந்தது. அதே மகாவலி கடலோடு கலக்குமிடம் நமது கொட்டியாரக்குடா. ஆற்றின் தலைப்பாகத்துக்குக் கலாசாலை கிடைத்தது. கழிமுகத்து மூதூரிலிருந்து அங்கே போய்ப் படித்த பிள்ளைகளை அக்காலத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

1956இல் சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்னும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையிலேயே கூடியது. உத்தியோக வாசல் மொழியால் அடைபடுவதைக் கண்ட தமிழ்க் கல்விமான்கள், நாளை சர்வகலாசாலையின் வாசலும் அடைபடக்கூடும் என்று அஞ்சித் தமிழ்ப் பல்கலைக்கழக இயக்கம் என ஒன்றைத் தொடங்கினர். 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார என்னும் இரு பௌத்த பிரிவெனாக்கள் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்டபோது, சிங்கள மொழிக்குக் கிடைத்தது தமிழ் மொழிக்கும் கிடைக்கவேண்டும் என்ற கோரிக்கை மேலும் வலுப்பெற்றது. அது எவ்வூரில் அமையவேண்டும் என்பதிலேயே கருத்து பிரிந்தது. தமிழரசுக் கட்சியார் திருகோணமலையைச் சுட்டினர், தமிழ்க் காங்கிரஸார் யாழ்ப்பாணத்தைச் சுட்டினர். யாழ்ப்பாணத்தின் பக்கம் நியாயம் இருந்தது: நூறாண்டு பழைமை கொண்ட கல்லூரிகள், நூல்நிலையங்கள், ஆசிரியர்கள், ஒரு சர்வகலாசாலைக்கு வேண்டிய கூட்டம் எல்லாம் அங்கே ஆயத்தமாயிருந்தன. திருகோணமலையின் பக்கமும் நியாயம் இருந்தது: வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவில் நிற்கும் ஊர், 1927 முதல் புகையிரதம் வந்துசேரும் ஊர், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர். இருக்கும் இடத்திலேயே மேலும் சேர்ப்பதா, இல்லாத இடத்தில் விதைப்பதா என்பதுதான் அவ்விவாதத்தின் சாரம். விதைக்கவேண்டும் என்பது என் கட்சி. இவ்வூரான் என்பதால் அப்படிச் சொல்கிறேன் என்று யாரேனும் குறை கூறினால், அதனை மறுக்கமாட்டேன்.

விவாதம் முடிவதற்குள் காலம் மாறிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அநுமதியில் வந்த தரப்படுத்தல், யாழ்ப்பாணத்து மாணவரின் முகத்தில் அறைந்தாற்போல் வந்து விழுந்தது. பிற்பாடு அதனோடு சேர்ந்த மாவட்ட ஒதுக்கீடு, திருகோணமலை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சில ஆசனங்களைக் கூட்டித் தந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஒரே ஏற்பாடு ஓரிடத்தில் காயமாகவும் இன்னோரிடத்தில் கைத்தாங்கலாகவும் விழுந்தபடியால், அதைப் பற்றித் தமிழருள்ளேயே ஒத்த குரல் எழவில்லை. 1974இல் அரசாங்கம் யாழ்ப்பாணத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் மனையில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமொன்றைத் திறந்தது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். திருகோணமலைக் கோரிக்கை அத்துடன் பழங்கதையாயிற்று.

கிழக்குக்குப் பல்கலைக்கழகம் வந்த ஆண்டு 1981. மே மாத இறுதி இரவிலும் ஜூன் முதலாந் திகதியிலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆகஸ்ட் முதலாந் திகதி மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. இடையில் இரண்டு மாதங்கள். அக்கல்லூரியே 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. அது நான்கு வயதுக் குழந்தையாயிருந்தபோதே, கலாசாலைகளின் சரித்திரத்தில் எளிதாகக் காணமுடியாத ஒரு கடமை அதன் தலையில் வந்து விழுந்தது. 1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டவுடன், சுற்றுக் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தாறுமூலை வளாகத்துக்குள் அடைக்கலம் புகுந்தனர். விரிவுரை மண்டபங்களில் குடும்பங்கள் படுத்துறங்கின. ஆசிரியர்கள் சோற்றுக்கும் மருந்துக்கும் கணக்கு வைத்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் அங்கிருந்து 158 பேரைப் பிடித்துச் சென்றனர். அவர்கள் திரும்பிவரவில்லை. அகதிகளுக்குப் பொறுப்பாயிருந்த பல்கலைக்கழகத்தார் அப்பெயர்களைப் பதிந்து வைத்திருந்தபடியால்தான், பிற்காலத்து விசாரணைகளில் அவர்களுக்காக எவரேனும் வாய் திறக்க முடிந்தது. ஒரு சர்வகலாசாலை ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்று கேட்பவருக்கு நான் பட்டமளிப்பு விழாவின் படத்தைக் காட்டமாட்டேன். அந்தப் பெயர்ப் பட்டியலையே காட்டுவேன்.

திருகோணமலைக்குக் கலாசாலை வந்ததும் போரின் நடுவிலேதான். தெற்கில் இளைஞர் கிளர்ச்சி அடங்கிய பின்னர் அமைந்த ஜனாதிபதி ஆணைக்குழு, உயர்தரப் பரீட்சையில் தேறியும் பல்கலைக்கழக அநுமதி கிட்டாத இளைஞரின் மனக்கசப்பைச் சுட்டிக்காட்டியது. அதன்பின் மாகாணங்கள்தோறும் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் என்னும் பெயரில் சிறு கலாசாலைகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1993இல் திருகோணமலையில் தொடங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டி நின்ற ஊருக்குக் கிடைத்தது ஒரு தகைமைச் சான்றிதழ்க் கல்லூரி. பெருங்கனவு கண்டவர்கள் இதனை ஏளனமாகப் பார்த்திருக்கக்கூடும். எனினும், சோதனைச் சாவடிகளைத் தாண்டி வெளியூர் செல்லப் பிள்ளைகள் அஞ்சிய காலம் அது. பெண்பிள்ளைகளைக் கொழும்புக்கோ பேராதனைக்கோ அனுப்பப் பெற்றோர் நூறு தரம் யோசித்த காலம். வீட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு விரிவுரை மண்டபம் இருந்தது என்பதே அக்காலத்தில் பெரும் பேறு. 2001இல் அக்கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் என உயர்ந்தது.

நகரத்துப் பேருந்து நிலையத்திலிருந்து நிலாவெளிப் பேருந்தில் ஏறி வடக்கே போனால், உப்புவெளியில் வீதியோரமாக ஒரு மதில் வரும். அதற்குள்ளே, வெட்டி ஒழுங்கு செய்த புல்லின்மேல், இரண்டாம் உலக யுத்தத்தில் இறந்த வீரர் முந்நூறுக்கு மேற்பட்டோரின் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, திகதி, வயது. இருபது, இருபத்தொன்று, பத்தொன்பது என்று அவ்வயதுகளை வாசித்துக்கொண்டே நடந்தவனுக்கு, பிறகு அதே வீதியில் கோணேசபுரியில் இறங்கி வளாகத்து வாசலில் நிற்கும்போது, புத்தகப் பையோடு உள்ளே போகும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காதிருக்க முடியாது. அவர்களுக்கும் வயது இருபதே. பனைமரங்களுக்கு இடையே வெள்ளைக் கட்டிடங்கள், கடற்காற்றில் உப்பேறித் துருவின இரும்புக் கதவு, வாசலுக்கு எதிரே பிரதி எடுக்கும் கடையும் தேநீர்க் கடையும், கைபேசியைப் பார்த்தவாறு பேருந்துக்குக் காத்திருக்கும் மூன்று மாணவிகள். அவர்களுள் ஒருத்தி தலையில் முக்காடிட்டிருந்தாள், ஒருத்தி நெற்றியில் திருநீற்றுக் கீற்று வைத்திருந்தாள், மற்றவள் சிங்களத்தில் பேசினாள். மூவரும் ஒரே விரிவுரைக் குறிப்பை மாற்றி மாற்றிப் புரட்டினார்கள். நான் கண்டது அவ்வளவே. அதற்கு மேல் அர்த்தம் கற்பிக்க விரும்பவில்லை; இந்த ஊரின் சரித்திரத்தைப் பதினாறு அத்தியாயங்கள் எழுதியவனுக்கு அவ்வளவும் சாமானியமாகப் படவில்லை.

இம்மாவட்டத்தில் கல்விக்குச் செல்லும் வழி எந்நாளும் நீரைக் கடக்கும் வழியே. மூதூரிலிருந்து கொட்டியாரக்குடாவைக் குறுக்கறுத்து லோஞ்சில் வரவேண்டியிருந்தது. கிண்ணியாவிலிருந்து ‘பாதை’யில் வரவேண்டியிருந்தது. வெளியூர் வாசகருக்கு விளக்கவேண்டும்: பாதை என்றால் இங்கே நிலத்துவழி அன்று. மிதவைகளின்மேல் பலகை பரப்பி, சனங்களையும் சைக்கிளையும் சில வேளை வாகனத்தையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதக்கும் தளத்துக்கே அப்பெயர். காலையில் பாதை தாமதித்தால் பாடம் தவறும். மாலையில் தாமதித்தால் வீட்டார் கரையில் வந்து நின்று கண் பூத்துப் பார்த்திருப்பர். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே நகரத்துக்கும் கிண்ணியாவுக்கும் இடையிலான அந்தச் சிரமம் ஒழிந்தது. ஆனால் முழுவதும் ஒழியவில்லை. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய பாதை கவிழ்ந்து, பள்ளி சென்றுகொண்டிருந்த சிறுபிள்ளைகளும் மூழ்கி இறந்தனர். புத்தகப் பைகள் நீரில் மிதந்த காட்சியைக் கண்டோர் இன்றும் அதைப் பேச நா எழாமல் நிற்கின்றனர்.

2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையைச் சூறையாடியதை இங்கு விரித்தெழுத இடமில்லை. அதற்குத் தனி அத்தியாயம் உண்டு. 2006ஆம் ஆண்டையோ ஒதுக்கிச் செல்ல முடியாது. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்கருகே அளவளாவிக்கொண்டிருந்த மாணவர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். யாவரும் உயர்தரம் கற்ற, சர்வகலாசாலைப் பருவத்துப் பிள்ளைகள். பின்னாளில் கைதான விசேட அதிரடிப் படையினர் உள்ளிட்ட பதின்மூவரும், சாட்சியம் போதாது என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். அதே 2006இன் டிசெம்பர் 15ஆம் திகதி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத், கொழும்பில் விஞ்ஞான மாநாடொன்றுக்குச் சென்றவர், பட்டப்பகலில் காணாமற் போனார். ஆண்டின் தொடக்கத்தில் மாணவர், முடிவில் உபவேந்தர். இந்த ஆண்டைக் கடந்தும் கோணேசபுரியில் விரிவுரைகள் நடந்தன, பரீட்சைகள் நடந்தன என்பதை அங்கே கற்பித்தோருக்கும் கற்றோருக்கும் உரிய பெருமையாகவே நான் கொள்கிறேன்.

இன்று அவ்வளாகத்தில் தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடமும், கணினி விஞ்ஞானமும் பிரயோக பௌதிகமும் இலத்திரனியலும் போதிக்கும் பிரயோக விஞ்ஞான பீடமும் உள்ளன. சித்த மருத்துவத்துக்கென்று 2008இல் ஓர் அலகு தொடங்கிப் பின்னர் பீடமாக வளர்ந்தது. இம்மூன்றில் சித்த மருத்துவமே என் மனத்துக்கு அணுக்கமானது. கன்னியா வெந்நீரூற்றில் நீராடி வாதம் தீரும் என்று நம்பி வந்த சனங்களின் ஊரில், தலைமுறை தலைமுறையாகப் பரிகாரிமார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாடி பார்த்த ஊரில், அவ்வைத்தியம் உடற்கூற்றியலோடும் பரிசோதனைக் கூடத்தோடும் கைகோத்துப் பட்டப் படிப்பாக நிற்பது, கலாசாலை ஊரிடமிருந்து பெற்று ஊருக்கே திருப்பித் தருவதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நகரத்தின் அன்றாட வாழ்விலும் வளாகம் ஊடுருவியிருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வீட்டின் ஓர் அறையை மாணவருக்கு வாடகைக்கு விட்டு அடுப்பெரிக்கும் விதவைத் தாய்மார் உளர். மாகாண சபைக் கந்தோர்களிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் இவ்வளாகத்துப் பட்டதாரிகள் அமர்ந்திருக்கின்றனர். தன் மகன் படித்த கட்டிடத்தைக் கடலிலிருந்தபடியே கைகாட்டிச் சொல்லும் மீனவரை நான் சந்தித்திருக்கிறேன். கோட்டையையும் டொக்யார்டையும் அவர் அப்படிக் கைகாட்டியிருக்க நியாயமில்லை.

ஆயினும் குறையைச் சொல்லாமல் விட்டால் நான் சரித்திரம் எழுதியவனாக மாட்டேன். வவுனியாவிலும் இதேபோல் ஓர் இணைந்த கல்லூரியாய்ப் பிறந்து, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாய் வளர்ந்த கலாசாலை, 2021 ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாகாணத்தின் தலைநகரில் நிற்கும் திருகோணமலை வளாகம் இன்னும் வளாகமே. இதனைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ருஹுணு பல்கலைக்கழகம் மாத்தறையில் மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் தனிப் பீடம் வைத்திருக்கிறது. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றின் அருகே, புறாத்தீவின் பவளப்பாறைகளுக்கு எதிரே, மகாவலியின் கழிமுகம் உள்ள மாவட்டத்திலேயே நிற்கும் நம் வளாகத்தில் கடலுக்கென்று ஒரு பீடம் இல்லை. நம் குடாவின் ஆழத்தை அளந்தோர் பெரும்பாலும் கடற்படையினர்; அவர்கள் அளந்தது தம் கப்பலுக்காக. இக்கரையில் வலை வீசும் மனிதனுக்காக அதை அளக்கும் கடமை கோணேசபுரிக் கலாசாலைக்கே உரியது. தனிப் பல்கலைக்கழகம் என்ற பெயர் பிறகு வரட்டும், கடற்பீடம் முதலில் வரவேண்டும் என்பது என் தீர்ப்பு.

இறுதியாக வாசகருக்கு ஒரு விண்ணப்பம். 1950களில் தமிழ்ப் பல்கலைக்கழக இயக்கத்தார் அச்சிட்ட துண்டுப்பிரசுரங்கள், கூட்ட அழைப்பிதழ்கள், நன்கொடைச் சீட்டுகள், இந்துக் கல்லூரியினதும் சூசையப்பர் கல்லூரியினதும் சண்முக வித்தியாலயத்தினதும் பழைய ஆண்டு மலர்கள், 1993இல் இணைந்த கல்லூரியில் முதல் வகுப்பில் அமர்ந்தோர் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் ஆகியவை நம் ஊர் வீடுகளில் பெட்டகத்து அடியிலும் பரண்மேலும் இன்னும் கிடக்கக்கூடும். போரும் அலையும் கறையானும் தின்றவை போக எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றைப் பழைய கடதாசிக்காரனிடம் நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். மூலத்தை வளாக நூலகத்தில் ஒப்படையுங்கள், ஒரு பிரதியை இணையவழி நூலகம் நடத்தும் நூலக நிறுவனத்தாருக்கு அனுப்பி மின்வடிவாக்கச் செய்யுங்கள். சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பற்றி எழுதும் அடுத்த அத்தியாயத்துக்கும், அங்கே வேலை பார்த்தோர் வீட்டில் இருக்கும் சம்பளப் புத்தகங்களும் அடையாளச் சீட்டுகளும் எனக்கு வேண்டும். வைத்திருப்போர் பத்திரிகாலயத்துக்கு ஒரு வரி எழுதினால் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.